மைனஸ் எட்டு டிகிரி

"ஜன்னலைத் திறக்கவே முடியாதும்மா. வெளியில மைனஸ் எட்டு டிகிரி" என்று சொல்லிவிட்டு, ஸ்டெபின் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

செல்போன் திரையில் அம்மா அமலராணியின் முகம் நெருங்கி வந்தது. "இங்க மணி ஏழாகுது. டொரொண்டோவுல இப்ப காலையில எட்டரைதானே? கிறிஸ்மஸுக்காவது வந்துட்டுப் போகக் கூடாதா?"

"வேலை தேடிட்டிருக்கேன்ம்மா. எப்ப வேணா இண்டர்வியூவுக்குக் கூப்பிடுவாங்க. இந்த நேரத்துல எப்படிக் கிளம்பறது?"

"அதுவும் சரிதான். ஆமா, முகமெல்லாம் ஏன் இப்படி மினுமினுக்குது?"

"ஹீட்டரும்மா. கொஞ்சம் அதிகமா வெச்சிட்டேன்."

"நல்லா போர்த்திக்கோ. உடம்பைப் பாத்துக்கோ" என்று அம்மா கையசைத்தாள்.

திரை அணைந்ததுதான் தாமதம். ஸ்டெபின் ஜாக்கெட்டைக் கழற்றி வீசினான். ஓடிப்போய் ஃபேனைப் போட்டான். ஜன்னலைத் திறந்தான்.

"திண்டிவனம், விழுப்புரம்! ஏறு ஏறு ஏறு, திண்டிவனம்!"

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பே அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

அவன் கனடாவிலிருந்து திரும்பி வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். படிப்பு முடிந்தது, அதற்குப் பிறகு வேலை தேட அந்த நாட்டில் கொடுத்த காலமும் முடிந்தது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து சேலையூர் வீட்டுக்குப் போகாமல், பள்ளித் தோழன் சக்திவேலின் அறைக்கு நேராக வந்து இறங்கிவிட்டான்.

அம்மா திட்டுவாள் என்ற பயமெல்லாம் இல்லை. விசா கிடைத்த வாரம் சர்ச்சில் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மைக்கு நன்றி சொல்லி, கண் கலங்க சாட்சி சொன்னவள் அவள். வெறுங்கையோடு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது? திங்கட்கிழமை கிண்டியில் ஒரு இண்டர்வியூ இருந்தது. அந்த வேலை கிடைத்ததும், "இங்கேயே நல்ல வேலை, அதான் வந்துட்டேன்" என்று கம்பீரமாக வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

கதவைத் தள்ளிக்கொண்டு சக்திவேல் வந்தான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, செருப்பில்லாத கால். சபரிமலைக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. கையிலிருந்த டிபன் கேரியரை மேலே படாமல் தள்ளிப் பிடித்திருந்தான்.

"சாமி, சீக்கிரம் வாங்கு. சேலையூர் வழியா வந்தேன், உங்க வீட்டு கேட்லயே ஆன்ட்டி நிறுத்திட்டாங்க. 'ஒண்டியா சமைச்சுக் கஷ்டப்படறியேப்பா'ன்னு கையில குடுத்துட்டாங்க. நானும் சாம்பார்னு நெனச்சு வண்டியில மாட்டிட்டேன். இரும்புலியூர் தாண்டும்போதுதான் வாசனையே வந்துச்சு!"

ஸ்டெபின் மூடியைத் தூக்கினான். சங்கரா மீன் குழம்பு! டொரொண்டோவில் கனவில் மட்டும் வந்த குழம்பு.

"வேற யாருக்காவது குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்று ஒப்புக்குக் கேட்டான். கை ஏற்கெனவே தட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

"நடிக்காத சாமி. டேய் டேய், இங்க வேணாம்! ஐயப்பன் படம் இருக்கு. மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போ!"

"உனக்கு?"

"எனக்கு ரெண்டு வாழைப்பழம் போதும். நீ முதல்ல எடத்தைக் காலி பண்ணு."

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்தான் ஸ்டெபின். மூன்றாவது வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா! நல்லவேளை, வீடியோ இல்லை, வெறும் கால். இடது கையால் எடுத்தான்.

"சொல்லும்மா. இப்பத்தானே பேசினோம்?"

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு சர்ச்சுல சாட்சி சொல்லலாம்னு இருக்கேன்டா."

வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கினான். "எதுக்கும்மா? எனக்குத்தான் இன்னும் வேலையே கிடைக்கலையே?"

"வேலைக்கென்ன, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு. புள்ள நல்லா இருக்கான். சாட்சி சொல்ல அது போதாதா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. "அம்மா, ஒருவேளை... ஒருவேளை அங்க வேலையே கிடைக்கலன்னா?"

"அங்கயா?"

"இங்க. இங்கதான் சொன்னேன், டொரொண்டோவுல."

"கிடைக்கலன்னா என்ன? நம்ம வீடு எங்கயாவது ஓடிப் போயிடுச்சா?"

திங்கட்கிழமை வரைக்கும்தான், இன்னும் இரண்டே நாள். "சரிம்மா, வெச்சிடறேன். கிளம்பணும்."

"இரு இரு, வெச்சிடாத. இப்ப என்ன சாப்பிட்ட, அதைச் சொல்லு."

"பிரெட்டும்மா. பிரெட்டும் ஜாமும்."

அம்மா மெதுவாகக் கேட்டாள்:

"குழம்புல உப்பு சரியா இருந்துச்சாடா?"