எடக்டர் ஓடாத நாள்

ரியாக்டர் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் எடக்டரை அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அதன் குழாயில் சீறிப் பாயும் காற்று, தொட்டியில் தங்கிய நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பிறகு மீட்டரைப் பிடித்து ஆக்சிஜன் அளவைத் தாளில் எழுத வேண்டும். ஜூஜுவாடி கம்பெனியில் அது வெஸ்லினின் வேலை. இருபது புள்ளி ஒன்பது இருந்தால் நல்ல காற்று. பத்துக்குக் கீழே போனால் ஆள் சில நிமிஷத்தில் மயங்கி விழுவான்.

போன மாதம் ஒருநாள் சூப்பர்வைசர் தங்கதுரை அவசரப்படுத்தினார். "எடக்டர் கிடக்கட்டும்டா, எப்பவும் போடுற நம்பரைப் போடு." மீட்டரைத் தொடாமலே வெஸ்லின் போட்டான். உள்ளே இறங்கிய சூசை திரும்பி ஏறவில்லை.

இன்று அதே தொட்டியில் எடக்டரை மூன்று மணி நேரம் ஓட்டினான். மீட்டர் 9.2 காட்டியது. தங்கதுரை வாங்கிப் பிடித்தார். 20.9.

"உங்கையில மட்டும் பேய் புடிக்குதாடா?" என்று சிரித்துவிட்டு ஆளை இறக்கினார். இறங்கியவன் வேலையை முடித்து, "டீ வந்துருச்சாண்ணே?" என்றபடி ஏறி வந்தான்.

சாயங்காலம் கேட்டில் சூசையின் மனைவி ஜெபசீலி காத்திருந்தாள்.

"அன்னைக்கு எவ்வளவு காட்டுச்சு தம்பி?"

"இருபது புள்ளி ஒம்போதுக்கா."

"அப்ப அவரு மேலதான் தப்பு. குடிச்சிட்டு எறங்கிட்டாருன்னு சொல்றாங்க. புள்ளைங்ககிட்டயும் அப்படியே சொல்லிடுறேன்."

வெஸ்லினின் சட்டையில் மாட்டியிருந்த மீட்டர் அலறியது. நெடுஞ்சாலைப் பக்கமிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவன் மீட்டரை அணைத்தான். அலறல் நின்றது, 9.2 மட்டும் திரையை விட்டுப் போகவில்லை.

ஜெபசீலி குனிந்து அந்த எண்ணைப் படித்தாள்.