பெண் வீட்டுக் கூண்டு

மாப்பிள்ளையின் மேல் பூத்துவாலையைப் போர்த்திவிட்டு, லிஃப்ட் கண்ணாடியில் தன் தலையைச் சரிசெய்துகொண்டான் சாதிக் பாட்ஷா.

துவாலைக்குள் கூண்டு. கூண்டுக்குள் பச்சோந்தி. பெயர் கமிஷனர். இரண்டு வயது. கூண்டிலேயே பொரிந்து வளர்ந்தவர், இதுவரை ஒரு பெண்ணின் முகம் பார்த்ததில்லை.

பெண்ணின் பெயர் ரோஜா. அஃப்னா வளர்ப்பது. துபாய் தேராவில், அஃப்னாவுடைய வாப்பாவின் முதல் மாடி ஃபிளாட்டில், பால்கனிக் கதவோரம் பெரிய கூண்டில் குடியிருந்தாள்.

எந்தக் கூண்டில் வைத்து ஜோடி சேர்ப்பது என்பதில்தான் ஏழு மாதமாகத் தகராறு.

"எங்க கம்பத்துல பொண்ணுதான் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்" என்பான் சாதிக்.

"எங்க காயல்பட்டினத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. வந்தா அங்கயே இருப்பாரு" என்பாள் அஃப்னா.

பச்சோந்திகளைப் பற்றித்தான் பேசினார்கள். பாதி நேரம்.

இவர்களுக்கும் நிக்காஹ் முடிந்து ஏழு மாதம்தான் ஆகிறது. கல்யாண லீவு முடிந்து திரும்பியவன் அல் கூஸில் தன் ரூமுக்குப் போனான். அவள் வாப்பா வீட்டுக்குப் போனாள். ஞாயிறுதோறும் மாலில் சந்தித்து, ஒரு பிரியாணியை இரண்டு ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

வீட்டோடு மாப்பிள்ளை என்று கம்பத்தில் எவனாவது சிரித்துவிட்டால்? அது அவன் கவலை. எங்கள் ஊரில் வீடே பெண்ணுக்குத்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அது அவள் நியாயம்.

இன்று கமிஷனர் முதலில் இறங்கிவந்திருக்கிறார்.

"மாப்பிள்ளைக்கு ஏசி ஜாஸ்தியா இருக்கா?" என்று வாப்பா சோபாவிலிருந்து கேட்டார்.

இரண்டு மாப்பிள்ளைகளும் பதில் சொல்லவில்லை.

"ரோஜா கறுத்துட்டா வேணாம்னு அர்த்தம்" என்றாள் அஃப்னா, கூண்டைத் திறந்தபடி. "வாயப் பொளந்து சீறுவா. ஒடனே தூக்கிக்கிட்டுக் கெளம்பிடணும்."

அப்படியானால் இவனும்தான் கிளம்ப வேண்டும். வேறு சாக்கு கைவசம் இல்லை.

உள்ளே போனதும் கமிஷனர் உடம்பெல்லாம் மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்டுக்கொண்டார். வாலைச் சுருட்டினார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். கொஞ்சம் அதிகப்படிதான். நிக்காஹ் அன்று தானும் ஷெர்வானிக்குள் இப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தோமோ என்று சாதிக்குக்குக் கூச்சமாக இருந்தது.

ரோஜா ஒரு கண்ணைக் கமிஷனர் மேல் வைத்தாள்.

இன்னொரு கண்ணைச் சாதிக் மேல் வைத்தாள்.



ரோஜா கறுக்கவில்லை. பச்சை உடம்பில் நீலப் பொட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பின. கிளையில் மெல்ல நடந்து போனாள்; ஓடவில்லை. கமிஷனர் பின்னாலேயே போனார்.

வாப்பா நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணு நாளாச்சும் கமிஷனர் இங்க இருக்கணும்" என்றாள் அஃப்னா. "ஆனா வெட்டுக்கிளி யாரு போடுறது? எனக்கு அதத் தொட்டாலே பயம்."

ரோஜாவுக்குத் தினமும் வெறுங்கையால் வெட்டுக்கிளி ஊட்டுகிறவள்.

சாதிக் ரொம்ப யோசிப்பவனைப் போலத் தாடையைச் சொறிந்தான். "சரி. கமிஷனருக்காக இருக்கேன்."

வெட்டுக்கிளி டப்பாவை எடுத்துவரக் கீழே போனான். காரின் பின்கதவைத் திறந்து டப்பாவை எடுத்தான். பக்கத்தில் இருந்ததை, கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் அட்டையால் மூடிவிட்டுக் கதவைச் சாத்தினான். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். உடனே எடுத்தால் மரியாதை போய்விடும்.

மேலே பால்கனியில் அஃப்னா நின்றிருந்தாள்.

"மச்சான், அந்தத் துணிப் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க. நீங்க வந்து எறங்குறப்பவே பாத்துட்டேன்."