சனிக்கிழமை சைலன்சர்

"என்னங்க, உங்க மாப்பிள்ளை வந்துட்டாரு!"

சுமியே வாசல்லேர்ந்து கேலியா குரல் குடுத்தா. ஒரு காருக்கு அடியில படுத்திருந்த அவ புருஷன் ஹொசோயா கண்ண மூடிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் செத்த மாதிரி கிடந்தா வந்த கஸ்டமர் போயிடுவாரோன்னு ஒரு நப்பாசை.

போகல. ஷெட்டு வாசல்ல அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிட்டு நின்னுச்சு. மக்காபே இறங்கினாரு. ரிட்டயர் ஆன மனுஷன். கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை. கையில வழக்கம்போல பயத்தம் பூரணம் வச்ச பன்னு டப்பா.

"தொந்தரவு குடுக்கறேன், மன்னிக்கணும்"னு முழங்கால் வரைக்கும் குனிஞ்சு டப்பாவ நீட்டினாரு.

சனிக்கிழமை தவறாம ஒரு டப்பா. சனிக்கிழமை தவறாம ஒரு தொந்தரவு. அலமாரியில டப்பா வைக்க இடமில்ல.

"சொல்லுங்க மக்காபே-சான். இன்னிக்கு எத மாட்டணும், எத கழட்டணும்?"

"அது வந்து... போன வாரம் மாட்டின சைலன்சர்..."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு முந்தி இருந்ததே இருந்திருக்கலாமோன்னு..."

"முந்தி இருந்தத 'ரொம்ப இருமுது, கழட்டுங்க'ன்னது யாரு?"

"நான்தான். முன்னாடி பைப்பையும் சேத்து மாத்திட்டா இருமல் போயிடுமாம்."

உள்ள சுமியே களுக்குன்னு சிரிச்சா. ஹொசோயா காருக்கு அடியிலேர்ந்து நகந்து வந்து எழுந்து உக்காந்தாரு. முதுகு கடக்குன்னுச்சு. ஹகோனே மலையடிவாரத்துல காருக்கு வேகம் ஏத்தியே முடி நரைச்ச ஆளு. மலை ரோட்டுல பறக்கணும்னு வர்ற பொடிப்பசங்கள சமாளிச்சிடலாம். இந்தப் பெரிய மனுஷன முடியல.

"இங்க பாருங்க. டர்போ இல்லாத என்ஜின் இது. தானா இழுக்குற காத்துதான் அதுக்குச் சோறு. பைப்ப மாத்திக்கிட்டே இருந்தா ஊருதான் முழிச்சுக்கும், வண்டி பறக்காது. மொதல்ல டயர பாருங்க. அப்புறம் பிரேக்க பாருங்க. அதுக்கப்புறம், பின்சக்கரம் தள்ளுற வண்டிய வளைவுல எப்படித் திருப்பறதுன்னு பழகுங்க. இத நான் மொத நாளே சொல்லல?"

"சொன்னீங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆனா..." மக்காபே தரையப் பாத்தாரு.

ஹொசோயா பெருமூச்சு விட்டுட்டு வண்டிய ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தினாரு. டயர் கண்ணுல பட்டுச்சு. புது டயர் ஓரத்துல நிக்குமே பொடி ரப்பர் முடி, அதுகூட உதிரல. மலைப் பக்கமே போகாத டயர்.

"தெருவுக்குள்ளயே உறுமிக்கிட்டுத் திரியறாரு போல"ன்னு சுமியே கிட்ட வந்து புருஷன் காதுல கிசுகிசுத்தா. "பேரன் எடுக்கற வயசுல ஆசையப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்."

ஹொசோயாவுக்குப் பொறுமை போயிடுச்சு.

"மக்காபே-சான், கோவிச்சுக்காதீங்க. சத்தமா, இழுவையா, எது வேணும்னு இன்னிக்கே ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா வேற ஷெட்டு பாத்துக்கங்க. என் முதுகு தாங்கல."

மக்காபே மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"முடிவு பண்ணக் கூடாதுங்க."

"என்னது?"

"முடிவாயிட்டா அவன் பேச மாட்டான்."

"எவன்?"

"என் பையன். கோஹெய்." குரல் இறங்கிப் போச்சு. "அவன் ரூம விட்டு வெளிய வந்து நாலு வருஷமாச்சு. சாப்பாட்டக் கதவோரமா வச்சிட்டு நகந்துருவோம். ஒரு வார்த்தை கிடையாது. சின்ன வயசுல அவனுக்கு இந்தக் கார்னா உசுரு. அதான் வாங்கிட்டு வந்து அவன் ஜன்னலுக்குக் கீழ நிறுத்தினேன். அன்னிக்கு உள்ளேர்ந்து குரல் வந்துச்சு. 'அப்பா, சைலன்சர் சரியில்ல.'"

சுமியேவோட சிரிப்பு நின்னு போச்சு.

"எனக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அவன் சொல்றத உங்ககிட்ட மாட்டிட்டுப் போயி ஜன்னலுக்குக் கீழ உறும விடுவேன். அவன் ஏதாவது குத்தம் சொல்லுவான். அந்தக் குத்தத்த வச்சுத்தான் வாரம் பூரா கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்னு பேசிக்கறோம்."

ஹொசோயா ஸ்பேனர எடுத்தாரு. காருக்கு அடியில போனாரு. பழைய சைலன்சர மாட்டி, முன் பைப்பையும் மாத்தினாரு. ஸ்டார்ட் பண்ணாரு. இருமல் சுத்தமா இல்ல. அப்புறம் நாலு சக்கரத்துக்கிட்டயும் போயி, போன மாசம் மாட்டின ஷாக் அப்சார்பரோட திருகாணியத் திருகினாரு.

"சைலன்சர் இப்ப அருமையா இருக்கு. உங்க பையனால ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

மக்காபே ஒரு அடி முன்னால வந்தாரு. "அப்ப இனிமே...?"

"ஷாக் அப்சார்பர்தான் சந்தேகம். ரொம்பக் கெட்டியா வச்சிட்டேனோன்னு தோணுது. அவன்தான் தீர்ப்பு சொல்லணுமாம், ஹொசோயா கேட்டாருன்னு சொல்லுங்க."

"சரிங்க. கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"அது ஆகாது." ஹொசோயா கையத் துடைச்சுக்கிட்டு, முதல் தடவையா அந்த டப்பாவத் திறந்து ஒரு பன்ன எடுத்தாரு. "சத்தம்னா ஜன்னல்லேர்ந்தே கேட்டுச் சொல்லிடலாம். இத, வண்டியில வந்து உக்காந்தாத்தான் சொல்ல முடியும்."