பண்டிதருக்கு வாய் கிடையாது

முதலாளியம்மா டப்பாவைத் திறந்து எண்ணினார். நேற்று பதினெட்டு வெண்ணெய் பிஸ்கட் இருந்தது. இன்று பதினான்கு. தொடர்ந்து நாலாவது நாளாக நாலு நாலாகக் குறைகிறது.

பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் டப்பா அது. ஒரு சாவி அம்மாவின் கைப்பையில், மாற்றுச் சாவி வீட்டில். பிஸ்கட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் கணவருக்குச் சர்க்கரை. இனிப்பைக் கண்டால் மனிதருக்குக் கை சும்மா இருக்காது. அதனால்தான் டப்பா, அம்மா நடத்தும் திரைச்சீலைக் கம்பெனிக்குக் குடிவந்தது.

திருட்டு தொடங்கியது திங்கட்கிழமை. கம்பெனி குரூப்பில் ஏஐ ஏஜென்ட் வந்து சேர்ந்ததும் அதே திங்கட்கிழமைதான்.

துணி வெட்டுகிறவர், தைக்கிறவர்கள், வண்டிக்காரர் என்று பதினோரு பேர் நாளெல்லாம் செய்தி போட்டுக்கொள்ளும் குரூப் அது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற ஏஜென்ட்டை அதில் இணைத்துவிடுகிறேன், ரெண்டே நாள் வேலை என்று மார்தட்டியவர் கணினிக்காரர். ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆனது. 'இணைப்பு கிடைக்கவில்லை' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஆளே பாதியாகிவிட்டார். திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ரெண்டு பெண்களைப் படிக்க வைக்கிற மனிதர், எப்படியோ அன்று காலை இணைத்துவிட்டார்.

ஏஜென்ட் பிரமாதமாக வேலை செய்தது. கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். 'வலி மாறி வந்துட்டேன்' என்று வண்டிக்காரர் போட்டால், 'அருமையான தகவல். வலி என்றால் மருத்துவரைப் பாருங்கள். வழி என்றால் திரும்பி வாருங்கள். இது பயனுள்ளதாக இருந்ததா?' என்று பதில் வரும். தைக்கிறவர்கள் அதற்குப் பண்டிதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை மட்டும் பண்டிதரிடமிருந்து மூச்சே இருக்காது. சர்வர் சூடாகிவிடுமாம், ஆறவிட வேண்டுமாம். கணினிக்காரர் சொன்னார்.

அம்மாவின் சந்தேகம் கணினிக்காரர் மேல்தான் விழுந்தது. இந்த வாரம் முழுக்க அவர் அம்மாவின் அறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது சட்டைப் பை புடைத்திருந்தது. சரி, பண்டிதரிடமே கேட்டுவிடலாம் என்று அம்மா தனியாக ஒரு செய்தி போட்டார். என் பிஸ்கட்டை எடுப்பது கணினிக்காரரா?

'அருமையான கேள்வி. இல்லை. அவர் தங்கமான மனிதர். எலியாக இருக்கலாம். இது பயனுள்ளதாக இருந்ததா?'

எலி பூட்டைத் திறக்குமா என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

'நுட்பமான கேள்வி. ஆராய வேண்டிய விஷயம்.'

அம்மாவுக்குப் பொறி தட்டியது. கணினிக்காரருக்கு இப்படி வக்காலத்து வாங்க கணினிக்காரரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஏஜென்ட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இணைக்கத் தெரியாமல் இவரே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறார். என் காதில் பூவும் சுற்றி, என் பிஸ்கட்டையும் தின்கிறார். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நாலு மணிக்குக் கணினிக்காரரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். அவருடைய போனை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார்.

"ரெண்டு கையையும் மேஜை மேல வைங்க."

வைத்தார். இப்போது மட்டும் பண்டிதர் பதில் சொல்லவில்லை என்றால் இவருக்கு இன்றே கணக்கு முடிப்பது என்று தீர்மானித்துக்கொண்டு, அம்மா தன் போனில் தட்டினார். உனக்குப் பிஸ்கட் பிடிக்குமா?

ஒரு நிமிடம் போனது. கணினிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போன் டிங் என்றது.

'அருமையான கேள்வி. எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் வெண்ணெய் பிஸ்கட் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இது பயனுள்ளதாக இருந்ததா?'

எதிரே பத்து விரலும் மேஜை மேல் அப்படியே இருந்தன. அப்படியானால் பண்டிதர் நிஜம். ஒரு நல்ல மனிதரைப் போய் இப்படி நினைத்துவிட்டோமே என்று அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இனி உங்கள் வேலைக்கு ஒரு குறையும் வராது என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார். கணினிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அப்படியென்றால் திருடன் யார்? பாக்கி இருப்பது அந்த மாற்றுச் சாவிதான். வீட்டுக்குள் எவனாவது புகுந்து அதைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தால்? அம்மா வீட்டுக்குப் போன் போட்டார்.

கதவு வரை போன கணினிக்காரர் நின்றுவிட்டார். "இப்ப எதுக்கும்மா? பாவம், ஐயா வேலையா இருப்பாரு."

"அவருக்கு என்ன வேலை?" என்ற அம்மா, எதிர்முனையில் எடுத்ததும் கேட்டார். "என்னங்க, ஆபீஸ் அலமாரியோட இன்னொரு சாவி பத்திரமா இருக்கா?"

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய கணவர், எதையோ மொறுமொறுவென்று மென்றுகொண்டே, பழக்கதோஷத்தில் சொன்னார்: "அருமையான கேள்வி. அது கணினிக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது. இது பயனுள்ளதாக இருந்ததா?"