தொண்ணூற்றொன்பது டிகிரி

சுரபாயாவின் மத்தியான மழை தகரக் கூரையில் இரைகிறது. முட்டை அட்டையின் மேல் ரெத்னோவின் மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. குச்சியில் கோத்த கறியைத் தணலில் வாட்டும்போது வீசுகிற மூங்கில் விசிறியால் அதற்கு வீசிக்கொண்டிருக்கிறார் அவள் கணவர் சுகெங். கறி விற்கும் தள்ளுவண்டியை மழையில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர். ஒவ்வொரு வீச்சிலும் கரியும் வேர்க்கடலைக் குழம்பும் மணக்கின்றன. காலையிலிருந்து அணைந்து கிடந்த கணினியை அவள் இப்போதுதான் திறந்தாள். திறந்ததுமே, தினமும் போல, திரையோரத்தில் சிவப்பாக வந்து நிற்கிறது உள்ளிருக்கும் ப்ராசஸரின் சூடு: தொண்ணூற்றொன்பது டிகிரி. பக்கத்துத் தெருக் கல்யாண வீடியோவைத் தொகுத்து இன்று சாயங்காலம் கொடுக்க வேண்டும். கணினி போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

"இறங்குச்சா?" "இல்லீங்க." "என் அடுப்புகூட இவ்வளவு அடம் பிடிக்காது." அவர் கை மாற்றி வீசுகிறார். பயந்து பயந்து அவள் கணினியின் அடியில் உள்ளங்கையை நுழைக்கிறாள். மழைநாள் தரையைப் போலக் குளிர்ந்திருக்கிறது. "என்னங்க, ஜில்லுன்னு இருக்கு!" "அப்ப அந்த நம்பரு?" "பொய்ங்க. இத்தனை நாளும் பொய்தான் காட்டியிருக்கு." "அடப்பாவி! அப்ப நான் தினம் வந்து வீசினதெல்லாம்?" அவள் சிரிக்கிறாள், கண் நிறைந்துவிடுகிறது. சூட்டுக்குப் பயந்து இதுவரை தொடாத, வீடியோவை முடிக்கும் பொத்தானைத் தைரியமாக அழுத்துகிறாள். அவர் கழுத்திலிருந்து வியர்வை சொட்டுகிறது. விசிறியை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பக்கம் திருப்பி, மெல்ல வீசத் தொடங்குகிறாள். திரையில் தொண்ணூற்றொன்பது சிவப்பாகவே நிற்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை.