கை மாறிய துப்பாக்கி

மெர்ல் தன் பழைய மான் வேட்டைத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மொன்டானா மாநிலத்தின் மறுகோடியிலிருந்து வண்டி ஓட்டி வந்திருந்த பெரியவர் ஆரின், அதற்கு மாற்றாகத் தன் புத்தம்புதுத் துப்பாக்கியை நீட்டினார். பழையதன் குழாய்க்குள்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கோங்க சார்."

"பாக்க என்னப்பா இருக்கு?"

கை குலுக்கிவிட்டுக் கிளம்பினார். மெர்லுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி நகர்வதற்குள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"சார், ஒண்ணு மறைச்சுட்டேன். சேஃப்டி லாக் போட்டிருந்தாலும் அந்தத் துப்பாக்கி சில நேரம் தானா வெடிச்சிடும். உங்களுதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"தெரியும்பா. பத்து வருஷம் முன்னால அதைச் சொல்லாம வித்தவனே நான்தான். யார் உயிரையாவது எடுக்குறதுக்குள்ள திரும்ப வாங்கிடணும்னு ஊர் ஊராத் தேடினேன்" என்றார் ஆரின். "இதுவரைக்கும் நாலு கை மாறியிருக்கு. உண்மையைச் சொன்னது நீ ஒருத்தன்தான்."