களிமண்ணுக்குக் காவல்

"களிமண்ணுக்கு வாச்மேனா நானு? இன்னாமா, வெளாட்றியா?"

ராத்திரி முழுக்க விழித்திருந்து, வீட்டுக்குக் கிளம்புகிறவனைக் கூப்பிட்டு நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? வாச்மேன் கிருஷ்ணப்பனுக்கும் வந்தது.

எண்ணூரில் ஒரு பழைய கம்பெனி குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு, வெளியூர் ஓவியர்களும் சிற்பிகளும் மாசக்கணக்கில் தங்கி வேலை செய்ய, குட்டிக்குட்டி வீடுகள் கட்டுகிறார்கள். டிசைன் போட வந்த செல்லக்கனி, முதலில் முடிந்த வீட்டிலேயே குடியேறிவிட்டாள்.

"தங்கிப் பாத்தாத்தானே அண்ணே, வர்றவங்களுக்கு என்ன வேணும்னு தெரியும்?"

வர்றவங்களுக்கு! அதைக் கேட்டாலே கிருஷ்ணப்பனுக்கு வயிறு எரியும். கரித்தூள் நுழையாத ஜன்னல் வலை, பட்டப்பகலை இருட்டாக்கும் திரை, சத்தம் போடாத ஃபேன். இன்னும் வந்தே சேராதவனுக்கு இத்தனை உபசாரம். வியாசர்பாடியில் அவனுக்கு இருப்பது ஒரே ரூம். பகலில் அவன் தலைமாட்டில்தான் மருமகளின் தையல் மிஷின் கடகடவென்று ஓடும். செல்லக்கனியிடமே ஒருதரம் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறான்.

"மத்த வீடுங்களோட மாதிரியைக் களிமண்ல செஞ்சு மேஜை மேல வெச்சிருக்கேன்," என்றாள் செல்லக்கனி. "வெயில் பட்டா வெடிச்சிரும். திரையை விலக்காதீங்க. ஃபேன் நிக்கவே கூடாது. மூடியிருக்கிற துணியை மட்டும் எடுத்துராதீங்க. நான் சைட்டுலேருந்து வர்ற வரைக்கும் உள்ள ஒரு ஆள் இருக்கணும். பகல் கூலி தர்றேன்."

"குந்த ஒரு சேர்கூட காணோமே?"

"கட்டில்ல உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தவன் சாய்ந்தான். சாய்ந்தவன் தூங்கியே போனான்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தத்தில் பதறி எழுந்தான். நல்லவேளை, அவள் எதையும் கவனிக்கவில்லை.

"காஞ்சிடுச்சாமா?"

"எங்கண்ணே! நாளைக்கும் இருக்கணும்."

நாளைக்கும் காயவில்லை. மறுநாளும் காயவில்லை.

"இன்னாயா, மூஞ்சி தெளிஞ்சி கீது?" என்றாள் மனைவி கெங்கம்மா.

"அட நீ வேற! மண்ணுக்கு ஃபேன் போட்டு, ஸ்க்ரீன் கட்டி வெச்சிக்கீறாங்கோ. உம் புருசனுக்கு கீதா அது?"

"ஐய, களிமண்ணு மேலயாய்யா பொறாம?" என்று கெங்கம்மா சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் முள்ளாகத் தைத்தது.

அடுத்த நாள் மத்தியானம், கன்டெய்னர் லாரி ஒன்று அடித்த ஹாரனில் விழிப்புத் தட்டியது. கட்டிலைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். வீடுகள் முடிந்ததும் எவனோ வந்து இதே கட்டிலில் கால் நீட்டிப் படுப்பான். கிருஷ்ணப்பன் மறுபடி தையல் மிஷினுக்கு அடியில் போய்ச் சுருள வேண்டும்.

நெஞ்சு காந்தியது.

'மாதிரி இருந்தாத்தானே வூடு வரும்? நொறுக்கிட்டா?'

வேலை போகும். போகட்டும். ஒருத்தனுக்கும் இந்தச் சுகம் வேண்டாம்.

மேஜையை நெருங்கினான். ஒரு கை முஷ்டியை ஓங்கிக்கொண்டு, மறு கையால் துணியைச் சரேலென்று இழுத்தான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

வீடும் இல்லை, களிமண்ணும் இல்லை. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் பக்கெட் ஒன்றுதான், அவன் தூங்கட்டும் என்று இத்தனை நாளாகக் காயாமல் இருந்திருக்கிறது.